பொன் முலாம் பூசிய பிரமை

மூடநம்பிக்கை படிப்பு பரவாத இடத்தில்தான் செழிக்கும் என்று ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக வழங்கி வருகிறது. இது எவ்வளவு பிசகானது என்பதை அறிய விரும்புகிறவர்கள், வீட்டுக்கு இரண்டு பட்டதாரிகளாவது இருக்கக்கூடிய மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ, புதிதாகப் பெரிய தொலைக்காட்சி ஒன்றும் அதனுடன் இணைத்து விளையாடப் பிளேஸ்டேஷன் ஒன்றும் வாங்கியிருக்கிற ஒரு குடும்பத்தின் கூடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். காட்சி மங்கலாகத் தெரிகிறது என்றோ, இருட்டான இடங்களில் ஒன்றுமே புலப்படவில்லை என்றோ, திரையின் ஓரத்திலிருக்க வேண்டிய எண்கள் வெட்டுப்பட்டுப் போகின்றன என்றோ பிள்ளை முறையிட்ட மாத்திரத்தில், தகப்பனாரும் மாமாவும் அடுத்த பிளாட்டுக்காரரும் முன்கூட்டியே கலந்து பேசி வைத்துக்கொண்டாற்போல ஒரே தீர்ப்பை வழங்குவார்கள்: "கேபிள் சரியில்லை, நல்ல கேபிளாப் பார்த்து வாங்கிப் போடு."

நல்ல கேபிள் என்பதற்கு அவர்களுடைய அகராதியில் விலை உயர்ந்த கேபிள் என்று பொருள். முனைகளில் பொன் முலாம் பூசப்பட்டு, உடல் முழுவதும் நூற்பின்னல் போர்த்தப்பட்டு, நகைப்பெட்டியை ஒத்த அட்டையில் மெத்தையிட்டு வைக்கப்பட்டிருக்கும் அந்த வஸ்துவை உஸ்மான் சாலையின் பெரிய கடைகளிலும் பாண்டி பஜாரிலும் ரிச்சி தெருவின் சிறிய கடைகளிலும் காணலாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் சாதாரணக் கேபிளின் அருகிலேயே பல ஆயிரம் ரூபாய் விலைச்சீட்டுடன் அது தொங்கும். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் விற்பனைப் பையன் சிறிதும் தயங்காமல், "சார், அது பொட்டியோட வர்ற சாதா கேபிள் சார். கோல்டு பிளேட்டடு போட்டுப் பாருங்க, கலர் அப்படியே தூக்கிக் கொடுக்கும்" என்பான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. அவனுக்குக் கற்பிக்கப்பட்டது அவ்வளவுதான். அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் பர்ஸைத் திறக்கிற பொறியியல் பட்டதாரியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு மீட்டர் நீளமுள்ள எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குக் கலரைத் தூக்கிக் கொடுக்கும் சக்தியும் கிடையாது, இறக்கிவிடும் சக்தியும் கிடையாது.

இந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. ஒரு காலத்தில் இது நம்பிக்கையாக இல்லாமல் நியாயமான அனுபவ ஞானமாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய காலந்தொட்டு ஏறக்குறைய முப்பது வருஷம் இந்நகரத்துக் குடும்பங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: படம் கம்பியின் வழியாக வருகிறது, கம்பி கெட்டால் படமும் கெடும். மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, ஜன்னலருகில் நிற்கும் மற்றொருவர் "இன்னும் கொஞ்சம், போதும் போதும், ஐயோ போயிடுச்சு" என்று குரல் கொடுக்க, உள்ளே சாலிடேர் அல்லது டயனோரா பெட்டியின் முன்னால் அமர்ந்தவர்கள் செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கா ஒரு மூக்கா என்று ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. தட்டையான இரட்டைக் கம்பியை எடுத்துவிட்டு உருண்டையான கோ-ஆக்ஸியல் கம்பியைப் போட்டால் மெய்யாகவே படம் தெளிந்தது. மழையில் நனைந்து இற்றுப்போன கம்பியை மாற்றினால் மெய்யாகவே நிழலுருவங்கள் மறைந்தன. அப்போது கம்பியில் ஓடியது ஒளியின் ஏற்றத்தாழ்வையே தன் வடிவாகக் கொண்ட ஒரு மின் அலை; வழியில் அதற்கு நேர்ந்த ஒவ்வொரு சிறு பங்கமும் அப்படியே திரையில் பிரத்தியட்சமாயிற்று.

வீடியோ விளையாட்டின் சரித்திரமும் இந்தப் பாடத்தையே உறுதிப்படுத்தியது. தொண்ணூறுகளில் சாமுராய், மீடியா என்னும் பெயர்களில் இங்கே விற்பனையான விளையாட்டுப் பெட்டிகள் ஆன்டெனா செருகும் துவாரத்திலேயே செருகப்பட்டன. ஒரு சானலை ஒதுக்கி, நகத்தால் திருகைத் திருகி, பனி பெய்தாற்போன்ற திரையிலிருந்து படத்தை மெல்ல மெல்ல வரவழைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியாக இருந்தால் வேறு ஒரு சோதனை: அந்நாட்டுப் பெட்டிகள் 525 கோடுகளைக் கொண்ட என்.டி.எஸ்.சி. முறைக்குச் செய்யப்பட்டவை, நம் தொலைக்காட்சிகளோ 625 கோடுகளைக் கொண்ட பால் முறையைச் சேர்ந்தவை. ஆகவே படம் நிறமிழந்து கறுப்பு வெள்ளையாக நிற்கும், அல்லது மேலிருந்து கீழாக ஓயாமல் உருளும். அதற்கும் கம்பியைத்தான் திட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

இவற்றையெல்லாம்விட இந்தப் பிரமைக்குப் புத்துயிர் அளித்த சம்பவம் ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, உயர்தெளிவுக் காட்சியைத் தரவல்ல அந்த யந்திரத்தின் பெட்டிக்குள் எச்.டி.எம்.ஐ. கேபிள் இல்லை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுடைய பழைய ஏ.வி. கம்பிதான் இருந்தது. ஒளியையும் நிறத்தையும் ஒன்றாகக் குழைத்து ஒரே மஞ்சள் முனையின் வழியே அனுப்பும் அந்தக் கம்பியில் உயர்தெளிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கியவர் அதை அப்படியே மாட்டிப் பார்த்து ஏமாந்து, கடைக்குத் திரும்பிப் போய் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றை வாங்கி வந்து செருகியதும், குருடனுக்குக் கண் வந்தது போலாயிற்று. அன்று கடைக்காரர் சொன்னது முற்றிலும் சரி. கேபிளை மாற்றியதால் படம் மாறியது. ஆனால் அது மட்டமான கேபிளிலிருந்து உயர்ந்த கேபிளுக்கு மாறியதனால் அன்று, ஒரு முறையிலிருந்து வேறொரு முறைக்கு மாறியதனால். இந்த நுட்பம் ஜனங்களின் நினைவில் தங்கவில்லை. கேபிளை மாற்றினால் படம் மாறும் என்னும் மொட்டைச் சூத்திரம் மாத்திரம் தங்கிவிட்டது.

எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பு முறையை ஹிட்டாச்சி, பானாசோனிக், பிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் கூடி வகுத்து 2002-ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்டன. அதில் ஓடுவது ஒளியின் சாயை அன்று, எண்கள். 1080பி திரை ஒன்றில் இருபது லட்சத்துக்குச் சற்று அதிகமான புள்ளிகள், 4கே திரையில் சுமார் எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள். அவை ஒவ்வொன்றுக்கும் சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை என்று கன்சோல் கணக்கிட்டு, வினாடிக்கு அறுபது முறை அந்தக் கணக்கு முழுவதையும் தொலைக்காட்சிக்கு ஒப்புவிக்கிறது. கம்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் அதே சமிக்ஞையைச் சுமந்து செல்கின்றன. வழியில் வந்து சேரும் இரைச்சல் இரண்டையும் ஒன்றுபோலவே பாதிப்பதால், இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கிற தொலைக்காட்சியை அது தொடுவதில்லை. சிவப்பு 200 என்று புறப்பட்ட எண் சாதாக் கம்பியில் 190 ஆகத் தேய்ந்தும் பொன் கம்பியில் 210 ஆக வளர்ந்தும் போய்ச் சேர்வதில்லை. இரண்டிலும் 200 ஆகவே போய்ச் சேர்கிறது.

கேபிள் கெடுவதே இல்லையா என்றால், கெடும். ஆனால் கெட்ட கேபிளின் லட்சணங்கள் வேறு. எண்கள் சிதையத் தொடங்கும்போது திரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். பிறகு படம் ஓரிரு வினாடி அடியோடு கறுத்துத் திரும்பி வரும். அதற்கப்பால் 'நோ சிக்னல்' என்ற அறிவிப்புத்தான் நிற்கும். முகத்தின் நிறம் வெளிறுவது, புல்லின் பச்சை மங்குவது, எழுத்தின் விளிம்பு மழுங்குவது முதலான உபாதைகளுக்கும் கேபிளுக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை. நம் வீடுகளில் கேபிளின்மீது சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

பொன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நியாயம். பொன் துருப்பிடிக்காது, சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் ஜன்னல் கம்பியை வருஷத்துக்கு ஒரு முறை தின்றுவிடுகிற உப்புக்காற்று, பொன் முலாம் பூசிய முனையை அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்துவிடாது. ஆகவே முலாமுக்கு ஒரு பிரயோஜனம் உண்டு, ஆனால் அது ஆயுளைப் பற்றியது, அழகைப் பற்றியதன்று. அத்துடன், மலிவான கேபிள்களிற் பலவற்றிலும் அந்த மெல்லிய முலாம் இருக்கவே செய்கிறது.

அப்படியானால் அந்தக் கூடத்தில் படம் உண்மையிலேயே கெட்டிருந்ததே, அதற்குக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். காரணங்கள் பல, அவற்றுள் பெரும்பாலானவை பைசாச் செலவில்லாமல் தீரக்கூடியவை. அவற்றைக் கடையில் யாரும் சொல்லாததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதற் குற்றவாளி தொலைக்காட்சி வந்து இறங்கிய கோலம். கடைத் தளத்தில் நூறு விளக்குகளின் வெளிச்சத்தில் நாற்பது தொலைக்காட்சிகள் வரிசையாக நிற்கும்போது எது கண்ணைப் பறிக்கிறதோ அதுவே விலை போகும் என்பதால், உற்பத்தியாளர்கள் 'ஸ்டோர் மோட்' என்றும் 'விவிட்' என்றும் 'டைனமிக்' என்றும் சில கோலங்களை வகுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் வெளிச்சம் உச்சத்திலிருக்கும், வெண்மை நீலம் பாய்ந்திருக்கும், விளிம்புகள் இல்லாத கூர்மையைப் பெற்றிருக்கும். உஸ்மான் சாலையும் பாண்டி பஜாரும் அமைந்த இதே தியாகராய நகரில் பட்டுப்புடவை எடுக்க வரும் நம் பெண்மணிகள், கடை விளக்கில் ஜொலிக்கும் நிறத்தை ஒருபோதும் நம்பாமல், புடவையைக் கையோடு எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பின்னரே விலை பேசுவார்கள். அந்த விவேகத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் தொலைக்காட்சியின்பால் அவர்களுடைய கணவன்மார்களுக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் டெமோ கொடுக்க வரும் ஆளும் சுவரில் ஆணியடித்து மாட்டி, ரிமோட்டில் யூடியூப் பொத்தானைக் காட்டிவிட்டு, கடையில் இருந்த கோலத்திலேயே அதை விட்டுச் செல்கிறார். மாலை நேரத்து மங்கிய கூடத்தில் அந்த நீலம் பாய்ந்த வெண்மையைப் பார்த்துக் கண் கூசுகிற குடும்பம் கேபிளைச் சந்தேகிக்கிறது.

இதே விவிட் கோலத்துக்கு இன்னொரு தோஷமும் உண்டு. படத்தை மெருகேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு தொலைக்காட்சி ஒவ்வொரு சட்டகத்தையும் பிடித்து வைத்துப் பரிசீலிக்கிறது. இரண்டு சட்டகங்களுக்கு இடையில் இல்லாத சட்டகங்களைத் தானே கற்பித்துச் செருகுகிறது. சினிமாப் பார்ப்பவருக்கு இது வெறும் அருவருப்பு. விளையாடுகிறவனுக்கோ, பொத்தானை அழுத்திய க்ஷணத்துக்கும் திரையில் கை உயரும் க்ஷணத்துக்கும் இடையே ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. 'கேம் மோட்' என்ற ஒன்று இதற்காகவே இருக்கிறது. அதை இயக்கினால் இந்த ஆடம்பரங்கள் அனைத்தும் விலகித் தாமதம் பல மடங்கு குறையும். பையன் மந்தமாக விளையாடுகிறான் என்று கருதிய தகப்பனார்கள் சிலர் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது, இருட்டு விவகாரம். ஒளிபரப்பு, திரைப்பட உலகம் முழுக் கறுப்பை 16 என்றும் முழு வெள்ளையை 235 என்றும் எண்ணும். கணினி உலகம் 0 என்றும் 255 என்றும் எண்ணும். கன்சோல் ஒரு கணக்கிலும் தொலைக்காட்சி மற்றொரு கணக்கிலும் பேசினால் இரண்டில் ஒரு விபரீதம் நிச்சயம். கன்சோல் முழு அளவில் அனுப்பி, தொலைக்காட்சி குறுகிய அளவென்று எண்ணிப் படித்தால், 16-க்குக் கீழ்ப்பட்ட சாயைகள் யாவும் ஒரே கறுப்பாகி, இருண்ட தாழ்வாரத்தில் ஒளிந்திருக்கும் எதிரி மறைந்தே போவான். மாறாக நடந்தால் கறுப்பு சாம்பலாகி, படம் முழுவதும் வெளுத்த மூட்டம் கவியும். பிளேஸ்டேஷனில் 'ஆர்.ஜி.பி. ரேஞ்ச்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டுவிட்டால் பெரும்பாலும் இது தானே சரியாகிவிடும். 'லிமிடெட்', 'ஃபுல்' என்ற இரண்டையும் கண்ட நம்மவர்கள், முழுச் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்கினால் தீர்மானித்து 'ஃபுல்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால்தான் தொல்லை தொடங்குகிறது.

ஓரம் வெட்டுப்படுவது இன்னும் பழைய கதை. கண்ணாடிக் குழாய்க் காலத்தில் படத்தின் விளிம்பு கோணலாக இருக்கும் என்பதால் அதைச் சிறிது பெரிதாக்கிச் சட்டத்துக்குள் மறைத்துவிடுவது சம்பிரதாயம். குழாய் போய்ச் சமதளத் திரை வந்த பிறகும் அந்தச் சம்பிரதாயத்தைச் சில தொலைக்காட்சிகள் கைவிடவில்லை. படத்தைச் சில சதவிகிதம் பெரிதாக்குவதால் ஓரம் போவதுடன், புள்ளிக்குப் புள்ளி பொருந்தாமல் எழுத்துகளும் மழுங்குகின்றன. எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்று பெயர்கள் வேறுபடலாம், பரிகாரம் ஒன்றே.

பிறகு துவாரங்களின் சங்கதி. தொலைக்காட்சியின் பின்புறம் மூன்று நான்கு எச்.டி.எம்.ஐ. துவாரங்கள் ஒரே உருவில் இருந்தாலும் அவை சமமானவை அல்ல. வினாடிக்கு 120 சட்டகங்களை ஏற்கக்கூடியவை பல மாதிரிகளில் ஒன்றிரண்டுதான். ஏற்கக்கூடிய துவாரமும் கேட்டால்தான் திறக்கும்: சாம்சங் இதற்கு 'இன்புட் சிக்னல் பிளஸ்' என்றும், எல்.ஜி. 'டீப் கலர்' என்றும், சோனி 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்றும் பெயரிட்டு மெனுவின் அடியாழத்தில் புதைத்து வைத்திருக்கின்றன. அதைத் திறவாதவரை எச்.டி.ஆர். என்னும் விரிந்த ஒளிவீச்சு முழுமையாக வராது. நடுவில் பத்து வருஷத்துக்கு முந்தைய ஹோம் தியேட்டர் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தாலும் இதே கதி. கன்சோல் எவ்வளவு கொடுத்தாலும் அந்தப் பெரியவர் தமக்குத் தெரிந்த அளவுதான் மறுபக்கம் கடத்துவார்.

கடைசியாக, திரையே குறைபட்டதாக இருக்கலாம். 'எச்.டி. ரெடி' என்ற அடைமொழியுடன் ஏராளமாக விற்கப்பட்ட 32 அங்குலப் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிகள். அதில் 4கே கன்சோலைச் செருகிவிட்டுத் தெளிவை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. விளையாட்டும் பங்காளியாக இருக்கலாம்: 4கே என்று பெயர் பெற்ற விளையாட்டுகளிற் பல உள்ளுக்குள் குறைந்த அளவில் படத்தை வரைந்து, பிறகு பெருக்கித் தருகின்றன.

"இவ்வளவும் சரி, கேபிளை மாற்றிய பிறகு படம் தெளிவானதை என் கண்ணால் பார்த்தேனே" என்று சாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பல தொலைக்காட்சிகள் படக்கோலத்தை ஒவ்வொரு துவாரத்துக்கும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கின்றன. பழைய கேபிளைப் பிடுங்காமல் புதியதைப் பக்கத்துத் துவாரத்தில் செருகிப் பார்க்கிறவர், அறியாமலேயே விவிட் கோலத்திலிருந்து ஸ்டாண்டர்ட் கோலத்துக்கு வந்துவிடுகிறார். அதே துவாரத்தில் செருகினாலும், பிடுங்கிச் செருகும்போது கன்சோலும் தொலைக்காட்சியும் தங்கள் தகுதிகளை மறுபடியும் விசாரித்து, முன்பு தவறாக ஏற்பட்டிருந்த உடன்படிக்கையைத் திருத்திக்கொள்கின்றன. பழைய கேபிளையே பிடுங்கிச் செருகியிருந்தாலும் இது நடந்திருக்கும். இவற்றுக்கு மேல், ஆயிரக்கணக்கில் கொடுத்தவனுடைய கண் என்ற ஒன்று இருக்கிறது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், 7,250 டாலர் விலையுள்ள ஒலிபெருக்கிக் கம்பியைச் சாதாரணக் கம்பியிலிருந்து எது என்று தெரியாத நிலையில் கேட்டே பிரித்தறிபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக ஜேம்ஸ் ராண்டி என்பவர் அறைகூவினார்; அந்தப் பரீட்சை நடைபெறவே இல்லை. அதுவோ அலையாக ஓடும் ஒலி. எண்ணாக ஓடும் ஒளிக்கு இந்த வாதம் இன்னும் பலமாகப் பொருந்தும்.

கேபிளில் கவனம் செலுத்த வேண்டிய இடங்கள் இல்லாமலில்லை. அடையாற்றுப் புது அடுக்குமாடிகளில் கட்டுநரே சுவருக்குள் பத்து மீட்டர் கேபிளைப் புதைத்து வைத்துவிடுகிறார். 4கே காட்சி வினாடிக்கு அறுபது சட்டகமாக ஓட ஏறக்குறைய 18 கிகாபிட் வேண்டும், 120 சட்டகத்துக்கு அதற்கும் மேல் வேண்டும், அவ்வளவு வேகத்தில் அத்தனை நீளத்தைச் செம்புக் கம்பி கடப்பது கடினம். அங்கே ஒளியிழைக் கேபிளே பொருத்தம். அதற்கு மூலமுனை, திரைமுனை என்ற திசை உண்டு, மாற்றிப் புதைத்தால் படமே வராது. மற்றவர்கள் வாங்கியே தீர வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது முலாமையன்று, அட்டைமேலுள்ள 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' முத்திரையை; அதிலுள்ள கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படித்து அசலா போலியா என்று சோதிக்கலாம். '2.1 கேபிள்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். கேபிளின்மேல் பதிப்பு எண்ணைப் பொறிப்பதை எச்.டி.எம்.ஐ. உரிம நிறுவனமே அனுமதிப்பதில்லை.

பிளேஸ்டேஷன் 5 வாங்குகிறவருக்கோ இந்தச் சிரமமும் இல்லை. 2007-இல் நடந்த கஞ்சத்தனம் இப்போது நீங்கி, வினாடிக்கு 48 கிகாபிட் கடத்தவல்ல வகையைச் சேர்ந்த கேபிள் பெட்டிக்குள்ளேயே வருகிறது. இனாமாக வந்தது என்ற ஒரே காரணத்தால் அதை முடிச்சவிழ்க்காமல் பரணில் ஏற்றிவிட்டு, அதன் வேகத்தில் பாதிகூட இல்லாத பழைய வகைக் கேபிளைப் பொன் முலாமுக்காகப் பல ஆயிரம் கொடுத்து வாங்கி மாட்டுகிறவர்கள் இந்நகரில் இருக்கிறார்கள்.